அரை நொடியில் இறங்கிய கத்தி

குடும்பப் பட்டறையின் தகடு வெட்டும் இயந்திரத்துக்கு கன்ட்ரோல் போர்டு செய்தவள் அந்த வீட்டு மருமகள். பொத்தானை அழுத்தி ஒரு நொடி கழித்தே கத்தி இறங்கும். அதற்குள் கையை எடுத்துவிடலாம். போர்டில் சீராகத் துடிக்கும் கிரிஸ்டல் என்ற சிறு பாகத்தின் துடிப்புகளை எண்ணி டைமர் அந்த நொடியை அளந்தது. இருமடங்கு வேகமான கிரிஸ்டலைப் பொருத்தியவள், அதற்கேற்ப டைமரில் துடிப்பு எண்ணை இருமடங்காக்க மறந்தாள். கத்தி அரை நொடியில் இறங்கிக் கொழுந்தனின் மூன்று விரல்களை வெட்டியது.

எண்ணைத் திருத்திய அன்று கணவன் அவள் முடியைப் பிடித்து இயந்திரத்தருகே இழுத்து வந்தான்.

“இப்ப சரின்னா உன் கையை வைடி.”

“முடியை விடுங்க. நானே வைக்கிறேன்.”

வைத்தாள். கணவனுக்குப் பொத்தானை அழுத்தத் துணிவில்லை. கட்டுப்போட்ட கையோடு நின்ற கொழுந்தன் மறுகையால் அழுத்தினான். அவள் கையை இழுத்துக்கொண்ட பிறகே கத்தி விழுந்தது.

“டைமர் நல்லா எண்ணுது அண்ணி. நான்தான் இனிமே விரல்விட்டு ஏழு வரைக்கும் எண்ணணும்” என்று சிரித்தான் கொழுந்தன். “எங்க, கையைத் திரும்ப வைங்க.”