அமாவாசை நண்டு

அமாவாசையை ஒட்டிப் பிடித்த நண்டில்தான் சதை நிறைந்திருக்கும், பௌர்ணமி நண்டு வெறும் தண்ணீர். எங்கள் வீட்டில் இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அமாவாசையன்று கவிச்சி கூடாது என்பதால் மறுநாள் காலை முதல் ஆளாக உறையூர் சந்தையில் நிற்பேன். காலண்டரைப் பார்த்து வாங்கினேனே தவிர நண்டைப் பார்த்து வாங்கவில்லை.

என் கணவருக்கு நுரையீரலில் ஒரு கட்டி. எடுத்துவிடலாம், ஆனால் உடம்பில் தெம்பில்லை, ஒன்றரை மாதத்தில் எடை ஏறினால்தான் ஆபரேஷன் என்றார் டாக்டரம்மா. முட்டை, பருப்பு, பால் என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை மடித்து அலமாரியில் வைத்தேன். நெஞ்சுக்கு நண்டை மிஞ்சிய மருந்து உண்டா, இந்த டாக்டரம்மா படித்த படிப்பு இவ்வளவுதான் என்று நினைத்தேன். திமிர், வேறென்ன.

மொத்தமாக வாங்கி ஃப்ரீசரில் அடைத்து, இரண்டு வேளையும் நண்டு ரசம் வைத்தேன். ஒரு டம்ளர் குடித்தாலே அவர் வயிறு நிறைந்துவிடும். அப்புறம் முட்டைக்கு ஏது இடம்?

ஒரு நாள் ஓட்டை உடைத்துப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "உள்ள ஒண்ணுமே இல்லடி. காலை உறிஞ்சினா தண்ணிதான் வருது."

"உங்க நாக்கு செத்துப்போச்சு. நண்டைக் குறை சொல்லாதீங்க" என்றேன்.

அதன்பிறகு அவர் ஓட்டை உடைத்துப் பார்ப்பதையே விட்டுவிட்டார். கொடுத்ததையெல்லாம் குடித்தார்.

இருந்தாலும் அடுத்த அமாவாசை கழிந்ததும் நண்டு விற்பவளிடம் சண்டைக்குப் போனேன். பழைய நண்டைத் தலையில் கட்டுகிறாயா என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை.

"அமாவாசை நண்டுதாங்க்கா. கடலே வெந்நீரா கெடக்குதுன்னு லோடு கொண்டு வர்றவங்க சொல்றாங்க. நண்டுக்கே தீனி இல்லையாம். சிப்பிகூட உள்ள சுருங்கிப்போய்த்தான் வருது. இதுல சத்து எங்கேருந்துக்கா வரும்? அவருக்கு முட்டை வாங்கிக் குடுங்க."

"யாவாரம் பண்ணத் தெரியல, கடலைக் குத்தம் சொல்றியா?" என்று நாலு பேர் பார்க்கக் கத்திவிட்டு, அவளிடமே இரண்டு கிலோ வாங்கி வந்தேன். சூடேறிய கடலில் இந்த உயிர்கள் தங்கள் சதையைத் தாங்களே கரைத்துப் பிழைக்கின்றன என்று பின்னால் எங்கோ படித்தேன். படித்து என்ன பயன்?

ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். மூன்று கிலோ குறைந்திருந்தது.

"என்ன சாப்பிடுறீங்க ஐயா?" என்று டாக்டரம்மா அவரைத்தான் கேட்டார். நான் முந்திக்கொண்டேன்.

"என்ன செஞ்சு குடுத்தாலும் அப்படியே வெச்சுடறாருங்க."

பச்சைப் பொய். டம்ளரில் ஒரு சொட்டு மிச்சம் வைக்காத மனிதர் அவர்.

"உயிர் மேல ஆசை இல்லையா உங்களுக்கு? வீட்டம்மா இவ்வளவு பாடுபடுறாங்க" என்று டாக்டரம்மா அவரைப் பிடிபிடியென்று பிடித்தார். ஆபரேஷன் இன்னொரு மாதம் தள்ளிப்போனது. அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதாங்க. இனிமே ஒழுங்கா சாப்பிடுறேன்" என்றார்.

ஏன்டி அப்படிச் சொன்னாய் என்று பஸ்ஸில் கேட்பார் என்று பயந்துகொண்டே வந்தேன். கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும், "ரசம் இருக்கா?" என்றார். சூடு பண்ணிக் கொடுத்தேன். அந்த மாதம் முடிவதற்குள் போய்விட்டார்.