தலை குனிந்து எழுதிய கட்டளை

“…அப்ப அந்தப் பிள்ளை இண்டைக்கும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருக்கிறானோ?” என்று நீதவான் அம்மா கேட்டார். கையில் மூடி கழற்றிய பேனை. எதிரே முல்லைத்தீவுக் கரையிலிருந்து விடிய முதல் பஸ் பிடித்து வந்த ஒரு தாய், சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். வவுனியாவில் ஒரு பயிற்சி மண்டபம். புதிதாக நியமனம் பெற்ற இளம் நீதவான்கள் வரிசையாக இருந்தார்கள். நான் கொழும்பிலிருந்து வந்திருந்த மதிப்பீட்டாளரான சிங்களப் பெண்மணியின், நாங்கள் நோனா என்று மரியாதையாகக் கூப்பிடுகிறவரின், பக்கத்தில் இருந்து, அங்கே பேசுவதையெல்லாம் சிங்களத்தில் அவருடைய காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். எத்தனையோ வருசமாக மற்றவர்களின் வார்த்தைகளைச் சுமந்த வாய் இது. கொலை வழக்குக்கும் நிற்காத வாய். அந்தக் கேள்வியில் நின்றுபோனது. “என்ன சொன்னார், என்ன சொன்னார்?” என்று நோனா என் கையைத் தட்டியது நினைவிருக்கிறது.

நான் பள்ளிக்கூடத்தில் சிங்களம் படித்தவன் அல்ல. வவுனியா ரயில் நிலையத்தில் மரக்கறி மூட்டை ஏற்றி இறக்கிய காலத்தில், ஏசிய ஏச்சையும் சொன்ன பகிடியையும் பொறுக்கிப் பொறுக்கிப் படித்த சிங்களம். அதை வைத்துக்கொண்டு சோதனை எழுதி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனானேன். எங்கள் கோட்டில் அந்த வேலைக்காரனை முதலியார் என்று கூப்பிடுவார்கள். மூட்டை தூக்கினவனை முதலியார் என்று முதலில் கூப்பிட்டவர் இந்த நீதவான் அம்மாதான். சனத்தின் கதைகளைக் கேட்பதென்றால் எனக்குச் சாப்பாடு வேண்டாம்; அவருடைய கதைகளோ எனக்குப் பாயாசம். “வழக்குக்குத் தவணைத் திகதி போடுறது லேசு முதலியார். அந்தத் தவணைக்கு வாறவை விடிய எத்தினை மணிக்கு எழும்பினவை எண்டு எங்களுக்குத் தெரியுமோ?” என்பார். சட்டத்தரணி ஒருவர் சும்மா இழுத்துக்கொண்டு போனால், “உங்கட கதை முடிய முந்தி உங்கட கட்சிக்காரருக்கு நரைச்சிடும் போல கிடக்கு” என்பார். பின்வரிசை வாங்கில் இருக்கிறவர்கள் வரைக்கும் சிரிப்புப் போகும். பொலிஸ்காரர் மட்டும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு விறைப்பாக நிற்பார்கள்.

அவருக்கென்று ஒரு வேலை முறை இருந்தது. மற்ற நீதவான்கள் இரண்டு பக்கத்தையும் கேட்பார்கள், பிறகு எழுதுவார்கள், பிறகு எழுதினதை வாசிப்பார்கள். அம்மா எழுதிக்கொண்டே சொல்லுவார். கேட்டு முடிந்ததும் தலை குனியும், பேனை ஓடும், பேனையோடு சேர்ந்து வாயும் கட்டளையைச் சொல்லும். பேனை நிற்கிறபோது வழக்கும் முடிந்திருக்கும், அடுத்த பெயரைக் கூப்பிடுவார்கள். போரும் இடப்பெயர்வும் முடிந்து சனம் திரும்பி வந்த பிறகு காணிச் சண்டை, வலைச் சண்டை, வேலிச் சண்டை என்று வழக்குகள் மலையாகக் குவிந்து கிடந்தன. அந்த மலையை அவர் இப்படித்தான் கரைத்தார். பெரிய இடங்களில் பெயர் எடுத்தார். ஓய்வு பெற்றதும், புது நீதவான்களுக்குப் படிப்பிக்க அவரையே கூப்பிட்டார்கள். அவர் எடுத்த வகுப்பும் அதேதான்: எழுதிக்கொண்டே கட்டளை சொல்வது எப்படி.

ஒவ்வொரு பயிற்சி முடிவிலும் வந்தவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்பார்கள். மிக நன்று, மிக நன்று என்று எல்லாரும் சொல்லிவிட்டு ரோல்ஸும் தேத்தண்ணியுமாக எழும்பிப் போவார்கள். இந்த முறை கொஞ்சம் வேறு மாதிரி. அம்மாவின் வகுப்பை நாடு முழுக்கப் புது நீதவான்களுக்குக் கட்டாயப் பாடமாக்கலாமா, வேண்டாமா என்று பார்க்கத்தான் நோனா வந்திருந்தார். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு தன் முடிவைச் சொல்லப் போகிறார். அம்மா வாழ்ந்த வாழ்க்கைக்கு அது ஒரு முத்திரை மாதிரி. அதை அவர் எவ்வளவு ஆசைப்பட்டார் என்று எனக்குத் தெரியும். அந்தக் கிழமை முழுக்க என்னோடு போனில் அதே கதைதான்.

ஆனால் ஆசைப்பட்ட மனுசி செய்த காரியத்தைப் பாருங்கள். “படிச்ச பிள்ளையளிட்டக் கேட்டா நல்லது எண்டுதான் சொல்லுவினம், ஆசிரியர் முன்னால இருக்கிறன் தானே. என்ர கோட்டில நிண்ட சனத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கோ” என்று நோனாவுக்கு அவரே சொன்னார். அப்படிக் கேட்கச் சொன்ன நீதிபதியை நான் அதுவரை கண்டதில்லை. நோனா என்னை அனுப்பினார். நானும் பழைய முகங்களைத் தேடிப் போய், வரச் சம்மதித்தவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தேன். என்ன சொல்லப் போகிறீர்கள் என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பது நோனாவின் கட்டளை.

முதலில் எழும்பியவர் வவுனியாச் சந்தையில் வெற்றிலைக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவர். இடம்பெயர்ந்து புத்தளத்தில் கிடந்து திரும்பி வந்தவர், கடை அறைக்காக வழக்காடியவர். “எங்கட அம்மாட கோட்டில கேஸ் போட்டா, காலையில வெட்டின வெத்திலை வாட முந்தித் தீர்ப்பு வந்திடும். வேற கோட்டில கேஸ் போட்டா வெத்திலை என்ன, வெத்திலை போடுற பல்லே விழுந்திடும்!” என்றார். மண்டபம் சிரித்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். நான் அதை நோனாவுக்குச் சிங்களத்தில் சொல்ல அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்க முந்தி இரண்டாவது ஆளாக அந்தத் தாய் எழும்பினார். நான் நல்ல சந்தோசத்தில் இருந்தேன்.

கரையில் வலை இழுக்கிற இடத்தில் நடந்த கைகலப்பில் அவருடைய மகனைப் பிடித்து விளக்கமறியல் சிறையில் போட்டிருந்தார்கள். வீட்டில் புருசன் படுத்த படுக்கை; சட்டத்தரணி வைக்கக் காசும் இல்லை, சிறைக்குப் போய் மகனைப் பார்க்கவும் முடியவில்லை. இரண்டு தவணைக்கு அந்தத் தாய் வந்தார். இரண்டு தரமும் அம்மா தலை குனிந்து எழுதினார், மகனைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்றாம் தவணைக்குத் தன் தம்பியையும் கூட்டிக்கொண்டு, பிணை கிடைத்தால் தேவையென்று கிராம சேவகரின் கடிதங்களையும் வாங்கிக்கொண்டு வந்தார். அன்றைக்கு அம்மா பிணை கொடுத்தார். இரண்டு பேர் வந்து இவனுக்கு நாங்கள் பொறுப்பு என்று கையெழுத்து வைத்தால் பெடியன் அன்று பின்னேரமே வீட்டுக்குப் போகலாம். அந்த இரண்டு பேரும், தாயும் தம்பியும், பின்வரிசை வாங்கிலேயே இருந்தார்கள்.

“மேல காத்தாடி சத்தம் போடுது. எனக்கு ஒண்டும் கேக்கேல்ல. நான் அம்மான்ர முகத்தைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்” என்றார் அந்தத் தாய். “விடுறதெண்டா என்ர பிள்ளையை ஒருக்காப் பாத்துத்தானே சொல்லுவா எண்டு நினைச்சன். அவா தலையைக் குனிஞ்சா. எழுதினா. முந்தின ரெண்டு தரமும் அப்பிடித்தான். எனக்கு அழுகை வந்திட்டுது. கோட்டுக்குள்ள அழுதா பொலிஸ் பேசும் தானே? நான் எழும்பி வெளிய ஓடிட்டன். தம்பியும் எனக்குப் பின்னால வந்திட்டான். அப்பிடியே முல்லைத்தீவு பஸ் ஏறிட்டம்.”

அவர் குரலை உயர்த்தவும் இல்லை, குற்றம் சொல்கிற மாதிரியும் சொல்லவில்லை. கடலில் என்ன மீன் பட்டது என்று சொல்லுகிற மாதிரிச் சொன்னார். உள்ளே கூண்டில் நின்ற மகனுக்குப் பிணை என்ற சொல் கேட்டிருக்கிறது. சந்தோசத்தோடு திரும்பிப் பார்த்திருக்கிறான். தாயையும் காணவில்லை, மாமனையும் காணவில்லை. பின்னேரம் வரைக்கும் காத்திருந்தான், ஒருவரும் வரவில்லை, சிறைச்சாலை பஸ்ஸில் திரும்பப் போனான். அடுத்த தவணைக்கு முந்தியே தகப்பன் செத்துப்போனார். பிரேதம் எடுக்க மகனைக் கூட்டிவர அனுமதி கேள் என்று சொந்தக்காரர் சொல்லியிருக்கிறார்கள். “பிள்ளையை விட மாட்டன் எண்ட மனிசி, செத்த வீட்டுக்கு மட்டும் விடப் போறாவோ எண்டு நான் போகேல்ல” என்றார். கோயில் மணி அடித்து, பாதர் வந்து, மகன் இல்லாமலே மண் போட்டார்கள்.

அடுத்த தவணைக்குள் எங்கள் அம்மாவுக்கு இடமாற்றம். புதிதாக வந்தவர் வழக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு, போன தவணையே பிணை கொடுத்தாயிற்றே, ஏன் ஒருவரும் வரவில்லை என்று கேட்டிருக்கிறார். கூண்டில் நின்ற பெடியன் தாயைத் திரும்பிப் பார்த்தான். “அந்தப் பார்வையை நான் சாகும்வரைக்கும் மறக்கமாட்டன்” என்றார். “வெளிய வந்ததும் கேட்டான்: ‘வேணுமெண்டுதானே விட்டிட்டுப் போனனி? அப்பர் கிடந்த கிடையில என்னால வந்த வெக்கம் போதும் எண்டுதானே போனனி?’ எண்டு. ‘நான் இல்லையடா, எனக்கு விளங்கேல்லையடா’ எண்டு எத்தினை தரம் சொல்லியிருப்பன். ‘முழுக் கோட்டுக்கும் கேட்டது உனக்கு மட்டும் கேக்கேல்லையோ?’ எண்டுறான். இப்ப வீட்ட வாறதில்லை. நத்தார்ப் பெருநாளுக்கும் வரேல்ல.”

அன்று நான் அந்தக் கோட்டில் இருந்தவன். அந்தக் கட்டளை எனக்குத் தெளிவாகக் கேட்டது. மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறவனுக்குக் கேட்காமல் என்ன? கடதாசியைப் பார்த்துச் சொல்லுகிற வார்த்தை கடதாசியிலேயே விழுந்துவிடும், பின்வரிசை வாங்கு வரைக்கும் போகாது என்று எங்களில் ஒருத்தருக்கும் படவில்லை. எத்தனை வழக்கு முடிந்தது என்று பார்த்தோம். எழும்பிப் போனவர்கள் என்ன விளங்கிக்கொண்டு போனார்கள் என்று எந்தப் பயிற்சியிலும் எவரும் கேட்டதில்லை. இன்றைக்கு அந்தப் பயிற்சியில் வேறு விதமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பேனையை வைத்துவிட்டு, நிற்கிறவரின் முகத்தைப் பார்த்துக் கட்டளையைச் சொல்ல வேண்டும். என்ன விளங்கியது என்று அவர் வாயாலேயே கேட்டுவிட்டுத்தான் அடுத்த பெயரைக் கூப்பிட வேண்டும். ஒரு நாளில் முடிகிற வழக்கு குறைந்துதான் போனது. அதற்காக முகம் சுளிப்பவர்களும் இருக்கிறார்கள். வருசத்துக்கு ஒருக்கா கோட்டில் நின்ற சனத்தைக் கூப்பிட்டுக் கேட்கவும் செய்கிறார்கள். நல்ல மாற்றம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அந்த மாற்றத்தைவிட அது பிறந்த பகல்தான் கண்ணுக்குள் நிற்கிறது.

தாய் சொல்லி முடித்ததும்தான், ‘அந்தப் பிள்ளை இண்டைக்கும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருக்கிறானோ?’ என்ற அந்தக் கேள்வியை அம்மா கேட்டார். தாய், “ஓம் அம்மா, இண்டைக்கும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருக்கிறான்” என்றார்.

“இப்ப எங்க இருக்கிறான்?”

“இஞ்சதான், நெளுக்குளத்தில. மோட்டச்சைக்கிள் திருத்துற கடையில நிக்கிறான். நான் போன் எடுத்தா எடுக்கமாட்டான்.”

அம்மா எழும்பினார். நோனா பதறிப்போய், சாப்பாட்டுக்குப் பிறகு முடிவு சொல்லும் கூட்டம் இருக்கிறது, நீங்கள் இல்லாமல் எப்படி என்று சிங்களத்தில் கேட்டார். நான் தமிழில் சொல்ல வாயெடுக்க, அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். “எனக்கு விளங்கினது முதலியார். இந்த வகுப்பு வேண்டாம் எண்டு நானே சொன்னனான் எண்டு சொல்லுங்கோ. சொல்லிப்போட்டு நீங்களும் வாங்கோ, உங்களுக்கு அந்தப் பக்கம் தெரியும் தானே.” பிறகு அந்தத் தாயின் கையைப் பிடித்தார்.

என்னுடைய வீடும் நெளுக்குளந்தான். ஓட்டோவில் மூன்று பேரும் போனோம். நான் பேசாமல் இருந்த பயணம் என்றால் அது ஒன்றுதான். கடை வாசலில் பெடியன் ஒரு சைலன்சரைக் கழற்றிக்கொண்டிருந்தான். தாயைக் கண்டதும் முகத்தைத் திருப்பினான். அம்மா தரையில் கிடந்த எண்ணெயில் சப்பாத்து பட அவனுக்குக் கிட்டப் போனார்.

“தம்பி, அண்டைக்குக் கோட்டில இருந்த நீதவான் நான்தான். என்ர முகத்தை உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், அண்டைக்கு நான் நிமிரேல்ல. உங்களுக்குப் பிணை தந்தனான். ஆனா அதை உங்கட அம்மாவுக்கு விளங்கச் சொல்லேல்ல. கையெழுத்து வைக்க ஆளையும் கூட்டிக்கொண்டுதான் அவா வந்தவா. உங்களை விட்டிட்டுப் போகேல்ல. நான் மறுத்திட்டன் எண்டு நினைச்சு அழுதுகொண்டு போனவா. பிழை என்னில.”

அவன் கையிலிருந்த குறடு கீழே விழுந்தது. அம்மா அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தாயை முன்னுக்கு விட்டார். என்னுடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, வெய்யிலுக்குள் போய், எங்கள் பேச்சு அவர்களுக்கும் அவர்கள் பேச்சு எங்களுக்கும் கேட்காத தூரத்தில் நின்றார்.