அனகாபுத்தூர் மதில்மேல் பிரண்டை

காலை ஏழே முக்கால். அஸ்தினாபுரத்தில் ஆட்டோ ஏறினேன். அனகாபுத்தூருக்கு எட்டு கிலோமீட்டர் சொச்சம், இருநூறு ரூபாய். காய்ச்சல் விட்டுப் பத்து நாளாகியும் என் கணவர் தட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டாயிற்று. "பயமில்லை, நல்லா சாப்பிடணும், அவ்வளவுதான்" என்றார் டாக்டர். அந்த அவ்வளவுதான் நடக்கவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

தினமும் என்னைப் பள்ளியில் விடும் இதே ஆட்டோக்காரர் செல்வம்தான் வழி சொன்னார். "பெரண்டத் தொவையல் குடுங்க டீச்சர், பசி எடுக்கும். எங்க வூட்டு மதிலு மேல கண்டமேனிக்குப் படர்ந்து கீது."

எட்டரை. பல்லாவரம், பம்மல் நெரிசலைத் தாண்டி ஆற்றோரச் சந்துக்குள் நுழைந்தோம். கொடியைப் பார்த்தேன். நாலு பட்டைத் தண்டு, கணுவுக்குக் கணு ஓர் இலை. பாட்டனி பாடம் நடத்துகிறவள் என்ற மிதப்பில் கைநிறைய ஒடித்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, உள்ளங்கை தீயாய் அரித்தது.

செல்வத்தின் மனைவி மேரி எண்ணெய்க் கிண்ணத்தோடு ஓடி வந்தார். "இன்னா டீச்சர், எண்ண தடவாமயா தொடுவாங்க? இதுவும் முத்தினது. நுனிக் கொழுந்துதான் தொவையலுக்கு. நார உரிச்சு, நல்லெண்ணயில நல்லா வதக்கி, புளி வெச்சு அரைங்க. இல்லாட்டி நாக்கும் அரிக்கும்."

கொழுந்தைக் காட்டியவர் கீழேயும் காட்டினார். மதில் பூச வேண்டுமென்று செல்வம் போன மாதமே கொடியை அடியோடு வெட்டியிருக்கிறார். வேரும் இல்லை, மண்ணும் இல்லை. அந்தரத்தில் தொங்கிக்கொண்டு புதுக் கொழுந்து விட்டிருந்தது! தண்டில் நீரைச் சேர்த்து வைக்கும் செடி என்று எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். நேரில் பார்த்தபோது கும்பிடத் தோன்றியது.

பத்தே கால், வீடு. மேரி சொன்னபடியே கொழுந்தை வதக்கி, புளி, உளுத்தம்பருப்பு, மிளகாயோடு அரைத்தேன். பன்னிரண்டரைக்குச் சூடான சோற்றில் ஒரு உருண்டை வைத்து, நல்லெண்ணெய் ஊற்றிப் பிசைந்து கொடுத்தேன். ஒரு வாய் வாங்கினார். இரண்டாவது வாய். மூன்றாவது. பிறகு தட்டை என் பக்கம் நகர்த்தினார்; போதும் என்கிறார் என்று எழுந்துவிட்டேன்.

"எங்க போற? இன்னும் கொஞ்சம் சோறு போடு."

என் கை அப்போதும் அரித்துக்கொண்டுதான் இருந்தது. அந்தக் கையால்தான் போட்டேன்.