ஜன்னலுக்குக் கீழே ஒரு சிலேட்டு

இதைப் படிப்பவர்கள் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான்; பிழைகளும் இருக்கும். எனக்குப் பேசவே கூச்சம். ஆனால் கோலாலம்பூரில் தாதிப் பயிற்சியில் இருக்கும் என் மகள் போன தடவை வந்தபோது கேட்டுவிட்டாள். "அம்மா ஜன்னல்ல நின்னது மட்டும் ஞாபகம் இருக்குப்பா. என்ன சொன்னாங்கன்னு தெரியல. நீங்க எழுதி வைங்க."

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷம் அவளுக்கு ஏழு வயது. மலாக்காவில், காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டில் இருந்தோம். எனக்கு நகராட்சியில் சாலை போடும் வேலை. அதற்கு முந்தைய வருஷமே என் மனைவியைக் காசநோய் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மாடிக்குப் போய்ப் பார்க்கலாம். பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். மகள் கீழே புல்தரையில் நின்று அம்மாவின் ஜன்னலைப் பார்த்துக் கையாட்டுவாள்.

அவளுக்கு எழுத வரவில்லை. பென்சிலை முஷ்டியில் பிடிப்பாள். ஒரு வரி முடிவதற்குள் விரல்கள் சோர்ந்துவிடும். சட்டைப் பொத்தான்கூடப் போட வராது. இது எழுத்தா, இல்லை எறும்பு மையில் விழுந்து நடந்ததா என்று வாத்தியார் கேட்டதில் வகுப்பே சிரித்ததாம். அவளுக்கு இருந்ததோ ஒரே ஆசை. சிலேட்டில் அம்மாவுக்கு எழுதி, கீழே நின்று தூக்கிக் காட்ட வேண்டும்.

விஜயதசமியன்று தட்டில் அரிசி பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுத வைப்பது நம் வழக்கம். மனைவி வீட்டில் இல்லாததால் நான்தான் பிடித்தேன். ஒரு நாளைக்கு உரிய அந்தப் பிடியை நான் பிறகு விடவே இல்லை. தினமும் சாயங்காலம் அவள் கைமேல் என் கையை வைத்து எழுதுவேன். அவள் கை உள்ளே சும்மா கிடக்கும்.

அப்படி எழுதிய சிலேட்டைத்தான் முதலில் தூக்கிக் காட்டினாள். மேலே என் பக்கத்தில் நின்ற மனைவி பார்த்துவிட்டுச் சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்தது.

"இது உங்க கைங்க. எனக்குத் தெரியாதா இந்தக் கோழிக் கிறுக்கல்? பிள்ளை எழுதினது எங்க?"

அந்த வார்டுக்குக் கைவேலை சொல்லித்தர ஒரு சீன மிஸ்ஸி வருவார்; ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவோம். படுத்தே கிடப்பவர்களின் கையும் மனமும் ஓய்ந்துபோகாமல் இருக்க, தைக்கவும் கூடை பின்னவும் வைப்பார். மனைவி அவரிடம் மகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். அவர் கீழே இறங்கி வந்து தன் விரலை நீட்டி, மகளை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பிறகு எழுதிக் காட்டச் சொன்னார். நான் வழக்கம்போலக் குனிந்து அவள் கையைப் பிடித்தேன்.

"பியார் டியா," என்றார். விடு, அவளே செய்யட்டும் என்று அர்த்தம்.

பிள்ளை சோம்பேறி இல்லை, விரல்களுக்கு இன்னும் பலம் வரவில்லை என்று மலாயில் விளக்கினார். கொஞ்ச நாளைக்குப் பென்சில் வேண்டாம். மாவு பிசையட்டும், ஈரத்துணி பிழியட்டும், முடிச்சு அவிழ்க்கட்டும் என்றார்.

முடிச்சு என்றதும் என் மனைவி அந்த வேலையைத் தனதாக எடுத்துக்கொண்டாள். வார்டில் உட்கார்ந்து துணிப்பைகள் தைத்தாள். ஒரு பைக்குள் இன்னொரு பை, அதற்குள் இன்னொன்று. ஒவ்வொன்றின் வாயிலும் முடிச்சு. மிஸ்ஸி அவற்றை வெந்நீரில் அலசி, வெயிலில் காயப்போட்டுக் கொடுப்பார். கடைசி முடிச்சும் அவிழ்ந்தால் நான் ஒரு புளிப்பு மிட்டாய் கொடுக்க வேண்டும். மகள் வாசற்படியில் உட்கார்ந்து உதட்டைக் கடித்துக்கொண்டு அவிழ்ப்பாள். உதவப் போனால் என் கையைத் தட்டிவிடுவாள். வாரத்துக்கு வாரம் முடிச்சு இறுகிக்கொண்டே வந்தது. அம்மாவின் கையை அவள் தொட முடியாது; அம்மா போட்ட முடிச்சைத் தொட்டாள்.

ஒரு ஞாயிறு, "நீங்க மேல போங்கப்பா," என்று சொல்லிவிட்டுப் புல்லில் உட்கார்ந்து அவளே எழுதினாள். நாங்கள் இருவரும் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். வெகுநேரம் ஆயிற்று. பிறகு சிலேட்டை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினாள். 'அம்மா' என்று இருந்தது. முதல் எழுத்து பெரியது. கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் ஓரத்தில் இடித்துக்கொண்டு நின்றது.

மனைவி அந்தக் கோணல் எழுத்தைக் கண்ணாடியின் மேல் விரலால் அப்படியே போட்டுப் பார்த்தாள்.

"இது அவ கை," என்றாள். பிறகு, "அழிச்சிடாம வீட்டுக்குக் கொண்டு போங்க. நான் வந்து கிட்டக்கப் பார்க்கணும்."

சைக்கிளில் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. வீடு சேர்வதற்குள் சிலேட்டு கறுப்பாகிவிட்டது. மகள் அழவில்லை, அம்மா வரும்போது புதிதாக எழுதிக்கொள்ளலாம் என்றாள்.

மனைவி வீட்டுக்கு வரவே இல்லை. தைப் பொங்கலுக்கு முன்பே போய்விட்டாள். அவிழ்க்காத பை ஒன்று அலமாரியில் இருக்கிறது. அந்த முடிச்சில் நாங்கள் யாரும் கை வைப்பதில்லை.

அம்மா சொன்னது இவ்வளவுதான், மகளே. எழுதி முடித்தது ஞாயிற்றுக்கிழமை, 15.9.1968.