சுவிட்சுக்குப் பக்கத்தில் என் கையெழுத்து

பழைய ஜீப்புக்கு டிஃப் லாக் பொருத்த இரண்டு நாள் போதும். தார் ரோட்டுக்கு வந்ததும் அதை எடுத்துவிட வேண்டும் என்பதை ஒருவர் மனதில் பொருத்த எவ்வளவு நாளாகும் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. சுவிட்சைத் தட்டி லாக் போட்டால் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றும். மணலில் அது வரம். தார் ரோட்டு வளைவில் வண்டி திரும்பாமல் முரண்டு பிடிக்கும். மெக்கானிக்கல் படித்துவிட்டு செங்கல்பட்டுப் பட்டறை ஒன்றின் கவுண்டரில் உட்கார்ந்து நான் சொல்வது இவ்வளவுதான். சொன்னது யார் காதிலும் விழாமல் நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்கும்.

ஸ்டியரிங் டைட்

ஐ.டி. கம்பெனிக்காரர் ஒருவர், லாக் பொருத்திய மறுவாரமே ஸ்டியரிங்கை மாற்றச் சொல்லி வந்தார். எட்டிப் பார்த்தேன், சுவிட்சில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. லாக்கை எடுக்கவில்லை சார் என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் உள்ளே போய் மெக்கானிக் ஏழுமலை அண்ணனைக் கூட்டிவந்தார். அண்ணனும் அதையேதான் சொன்னார். கிளம்பும்போது வந்தவர் அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனார்: "இதெல்லாம் அந்தப் பொண்ணுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்கண்ணே."

பஸ்ஸர்

லாக் போட்டிருக்கும்வரை கத்துகிற மாதிரி ஒரு பஸ்ஸர் வைக்கலாமா என்று முதலாளியிடம் ஒரு மாதம் தயங்கிக் கேட்டேன். ஒரே ஒரு வண்டியில் வைக்க விட்டார். மாமல்லபுரத்துக்காரர் வண்டி. மூன்றாம் நாள் ஒயரைப் பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்: "இன்னாமா இது, கூவிகினே கீது? கடல் சத்தம் கேக்கத்தான் நான் பீச்சுக்கே போறேன்."

டெலிவரி

எங்கள் படிவத்தின் கடைசி வரி, 'லாக் இயக்கும் முறை விளக்கப்பட்டது.' அதன்கீழ் கையெழுத்து என்னுடையது.

சவுக்குத் தோப்புக்காரர் ஒருவர் குடும்பத்தோடு வண்டி எடுக்க வந்தார். கற்பூரம், சக்கரத்தடியில் எலுமிச்சை, போட்டோ. நான் விளக்கியபோது செல்போனைப் பார்த்தபடியே தலையாட்டினார். வண்டியை ஓட்டப்போகும் அந்தோணி, படாளத்துக்காரர், கையில் லட்டோடு கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். அத்தனை பேர் நடுவில் அவரைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. டிரைவருக்கும் காட்டிவிடலாமே என்று முதலாளியிடம் மட்டும் முணுமுணுத்தேன். அவர் பேனாவை நீட்டினார்: "ஓனருக்குச் சொன்னா டிரைவருக்குச் சொன்ன மாதிரிதாம்மா. போடு கையெழுத்த."

போட்டேன்.

டிபன் பாக்ஸ்

மூன்றாவது வாரம் அந்த ஜீப் இன்னொரு வண்டியின் முதுகில் ஏறி வந்தது. தோப்பு மணலிலிருந்து கட்டை ஏற்றிக்கொண்டு மழை ஈரத்தோடு இருந்த ரோட்டில் திரும்பியிருக்கிறார் அந்தோணி. வண்டி திரும்பாமல் நேராகப் போய்ச் சிறுபாலத்துச் சுவரில் முட்டியது. அவருக்கு மணிக்கட்டு முறிந்தது. சுவிட்ச் போட்டபடியே இருந்தது.

தோப்புக்காரர் எங்கள் மேல் பாய்ந்தார். முதலாளி படிவத்தை எடுத்துக் காட்டினார். சொல்லிக்கொடுத்தும் கவனிக்காதவன் என்று இருவரும் முடிவு செய்தார்கள். அந்தோணிக்கு வேலை போயிற்று. நான் அங்கேதான், இரண்டடி தள்ளி நின்றிருந்தேன்.

வண்டியில் விட்டுப்போன லைசென்ஸையும் டிபன் பாக்ஸையும் வாங்க, மாவுக்கட்டோடு அவரே வந்தார். எடுத்துக் கொடுத்தேன். இடது கையால் வாங்கிக்கொண்டு, கோபமே இல்லாமல் கேட்டார்: "அந்தப் பேப்பர்ல கீறது உங்க கையெழுத்தாமே. எனக்கு என்னிக்கு மேடம் சொன்னீங்க?"

அந்தோணிக்கு நான் சொல்லவே இல்லை என்பதைத் தோப்புக்காரரிடம் போனில் சொல்ல எனக்கு மூன்று நாள் பிடித்தது. அதற்குள் வேறு ஆள் வந்தாயிற்று என்றார்.

வண்டி எடுக்க வந்த அந்தப் புது டிரைவரை நிறுத்திவைத்து அரைமணி நேரம் சுவிட்சைப் போட்டும் எடுத்தும் காட்டினேன். உண்மையாகவே விளக்கிய அந்த ஒரு நாளுக்குத்தான் கையெழுத்துப் போடப் படிவம் எதுவும் இல்லை.