பெயர்க் கட்டத்தை நிரப்பவும்

போன வாரம் அம்மாவின் முழங்கால் வலிக்குக் கிளினிக்கில் நாள் கேட்டு, ஆஃபீஸில் உட்கார்ந்தபடியே ஃபோனில் ஒரு ஃபாரம் நிரப்பினேன். பொத்தானை அழுத்தியதும் பச்சை டிக் வந்தது. கீழே மலாயில் "தெரிமா காசே" என்று நன்றியும் வந்தது. அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டேன். அதோடு விட்டேனா, கிளினிக்குக்கே ஃபோன் போட்டு, ஃபாரம் வந்து சேர்ந்ததா, அம்மாவின் பெயர் அதில் இருக்கிறதா என்று கேட்டேன். பக்கத்து மேசை கவிதா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அக்கா, இந்த மாதிரி ஃபாரம் செஞ்சு குடுக்கிற ஆளே நீங்கதான். நீங்களே நம்பலன்னா வேற யாரு லா நம்புவா?"

சிரித்து மழுப்பினேன். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

அன்று சாயங்காலம் ஒரு வேலையாகக் கோலா சாவா பக்கம் போயிருந்தேன். ஆலையில் எண்ணெய்க்காகச் செம்பனைப் பழம் அவிக்கும் புளிப்பு வாசனை, கண்ணாடியை ஏற்றிவிட்ட பிறகும் காருக்குள் வந்தது. அந்த வாசனை என்றால் எனக்கு அம்மாவின் ஃபோன்தான். அம்மா உதிரிப் பழம் பொறுக்கிய கையோடு ஃபோனை எடுப்பார். திரையில் எப்போதும் ஒரு எண்ணெய்ப் படலம் இருக்கும். நான் எழுதிய முதல் இணையப் பக்கத்தை அந்தப் படலத்துக்கு அடியில்தான் பார்த்தேன்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. செனாவாங்கில் வேலை பார்த்த தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தபோது நானும் குறைந்தேன். தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டுக்குத் திரும்பி வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ இடங்களுக்கு விண்ணப்பம் போட்டும் ஒருவரும் கூப்பிடவில்லை. பக்கத்து வீட்டு மேரி அக்கா ஒரு நாள் எட்டிப் பார்த்து, "சும்மா குந்திக்கிட்டிருந்தா மண்டை காஞ்சிரும்டி. ஃபோன்லயே என்னென்னமோ படிக்கிறாங்களாம், நீயும் படியேன்" என்றார். அப்படி ஆரம்பித்ததுதான் இணையப் பக்கம் செய்யும் படிப்பு. ஒரு பாடம் ஐந்து நிமிடம். பாடம் முடிந்ததும் ஃபோனிலிருந்து கைதட்டும் சத்தம் வரும். அந்த மாதங்களில் என்னைப் பார்த்துக் கைதட்ட வேறு யாரும் இல்லை என்பதால் ஒரே நாளில் மூன்று பாடம்கூட முடித்திருக்கிறேன். பயிற்சிக்கு ஒரு பழைய மடிக்கணினி. அதில் சில எழுத்துகள் ஓங்கிக் குத்தினால்தான் விழும்.

எங்கள் லைனில் இணையம் ஒழுங்காகக் கிடைத்த ஒரே இடம் பழைய பெரட்டுக்களம். விடியற்காலையில் தோட்டத்து ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதுதான் பெரட்டு. பெயரைக் கூப்பிட்டதும் குரல் கொடுக்க வேண்டும், வேலை வாங்கும் மண்டோர் குறித்துக்கொள்வார். குறித்தாரா என்று யாரும் எட்டிப் பார்த்ததில்லை. பார்த்தால் அவரைச் சந்தேகப்பட்டதாகிவிடும். 'பேர் குடுத்தாச்சு' என்றால் காரியம் முடிந்தது. மூன்று தலைமுறையாக இதில் ஊறியவர்கள் நாங்கள். கோயில் அன்னதானமோ, மாதா திருவிழா பஸ்ஸோ, ஒரு தரம் பெயர் கொடுத்துவிட்டால் மறுபடி போய் விசாரிக்கிற வழக்கமே கிடையாது. அந்தக் களத்துச் சிமெண்டுப் படியில் மத்தியானங்களில் உட்கார்ந்துதான் நான் பாடம் படித்தேன்.

அந்த நேரத்தில்தான் தோட்ட நிலம் வீடு கட்டுகிறவர்களுக்குக் கைமாறியது. ஆஃபீஸ் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். சுடுகாட்டில் புதைக்கப்பட்டவர்களின் பெயரையும் இடத்தையும் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் குடும்பத்தார் பதிந்துவிட வேண்டும். பதிந்த குழிகளைத் தனித்தனியாகத் தோண்டி, எலும்பைக் குடும்பத்திடம் கொடுப்பார்கள். பதியாதவற்றை எல்லாம் அள்ளி வேறோர் இடத்தில் ஒரே குழியில் போட்டுவிடுவார்கள்.

எங்கள் சுடுகாட்டில் கல் வைத்த சமாதிகள் கொஞ்சம்தான். சிலுவை நட்ட குழிகளும் குரோட்டன் செடி நட்ட குழிகளும் பக்கம் பக்கமாக இருக்கும். சின்னப் பிள்ளைகளின் குழிக்குச் செடி மட்டும்தான். எனக்கு முன்னால் பிறந்து ஒன்பது நாள் இருந்த அக்காவும் அங்கேதான் கிடந்தாள். எந்தச் செடி யாருடையது என்பது அந்தந்த வீட்டாருக்கு மட்டுமே தெரியும். வீட்டாரோ பாரோய், சிரம்பான், இன்னும் எங்கெங்கோ சிதறிப் போயிருந்தார்கள். வேலையை விட்டுவிட்டு வேலை நாளில் தோட்டத்து ஆஃபீஸுக்கு வருவது அவர்களுக்கு முடியாத காரியம்.

நான் அப்போதுதான் பத்தொன்பதாம் பாடம் முடித்திருந்தேன். ஃபாரம் செய்வது எப்படி என்ற பாடம். வீட்டிலிருந்தே பெயர் கொடுக்கும்படி நான் ஒரு பக்கம் செய்கிறேன், எல்லாம் சேர்ந்ததும் மொத்தமாக ஆஃபீஸில் கணக்கு எழுதும் கிராணியிடம் கொடுத்துவிடலாம் என்றேன். மேரி அக்கா என் கன்னத்தைப் பிடித்து முத்தம் கொடுத்தார். தோட்டத்தை விட்டுப் போனவர்களுக்கென்று அவர் ஃபோனில் ஒரு குழு வைத்திருந்தார். பக்கத்தின் முகவரி அதில் போனது.

என் பக்கத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. தலைப்புக்குக் கத்தரிப்பூ நிறம். இறந்தவர் பெயர், உறவு, இடத்தின் அடையாளம், தொடர்பு எண் என்று நான்கு கட்டங்கள். சந்தேகம் கேட்க அடியில் என் ஃபோன் எண். நிரப்பாமல் விட்டால் மேலே போக முடியாதபடி ஒரு கட்டத்தைக் கட்டாயமாக்குவது எப்படி என்று அந்தப் பாடத்தில் கற்றிருந்தேன். புதிதாகக் கற்றதைக் காட்ட வேண்டாமா, பெயர்க் கட்டத்துக்கு ஒரு சிவப்பு நட்சத்திரம் போட்டேன். பொத்தானை அழுத்தினால் வருகிற நன்றிப் பக்கத்தையும் நானே எழுதினேன். முதலில் அம்மா சொல்லச் சொல்ல அக்காவின் பெயரை அடித்தேன். நன்றி வந்தது. அம்மா எண்ணெய்க் கையால் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

குழுவில் ஒவ்வொருவராகப் "பேர் குடுத்தாச்சு" என்று போட ஆரம்பித்தார்கள். கொடுத்த பெயர்களை எங்கே போய்ப் பார்ப்பது என்று எனக்குத் தெரியாது. தெரியாததைப் பற்றிக் கவலையும் இல்லை. பெட்டிக்குள் போட்டாகிவிட்டது, பெட்டியைத் திறக்கும் சாவி முப்பதாவது பாடத்திலோ என்னவோ வரும் என்று இருந்தேன். நடுவில் இருந்த பாடங்கள் நிறமும் ஓரக்கோடும் பற்றியவை. பத்து நாள் நான் கத்தரிப்பூ நிறத்தையே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து ஃபோன் வந்தது. கோலா கிளாவாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவுகிற அம்மா ஒருவர். கடைப் பெண்ணின் ஃபோனை வாங்கிப் பேசினார். பின்னால் தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது.

"யாரோ இத அனுப்பிச்சாங்கம்மா. முந்தி நானும் அந்தத் தோட்டம்தான். எம்பிள்ள அங்கதான் இருக்கு. ரெண்டு நாள்தான் இருந்துச்சு, பேரு வைக்கல. பேரு போடாம இது உள்ள போக மாட்டேங்குது."

நட்சத்திரத்தை எடுத்துவிட்டிருக்கலாம். ஒரு நிமிட வேலை. ஆனால் நட்சத்திரம் எனக்குப் பெருமை.

"ஏதாச்சும் ஒரு பேர் வச்சிருங்கம்மா" என்றேன்.

"வைக்கலாங்கிறியா?" என்று கேட்டார்.

"வைங்கம்மா."

"சரிம்மா. நானே எழுதிக்கிறேன், இங்க யாருக்கும் தமிழ் எழுதத் தெரியாது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல ஆறாவது வரைக்கும் படிச்சேன்." ஃபோனை வைத்துவிட்டார். உதவி செய்த திருப்தியோடு நான் இருபத்தாறாம் பாடத்துக்குப் போனேன்.

நோட்டீஸ் சொன்ன வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள், சிரம்பானுக்குப் போகும் பஸ்ஸில் முப்பத்தோராம் பாடத்தைத் திறந்தேன். முதல் வரியே இதுதான்: ஃபாரம் அனுப்பும் தகவலை வாங்கி வைத்துக்கொள்ள மறுமுனையில் ஒரு நிரல் இல்லையென்றால் தகவல் எங்கும் சேமிக்கப்படாது. இரண்டு தரம் படித்தேன். என் பக்கத்துக்கு மறுமுனையே கிடையாது. சாவி தேட அங்கே பெட்டியே இருந்ததில்லை. யார் எதை எழுதினாலும் நான் எழுதி வைத்த நன்றி மட்டும் வந்துகொண்டிருந்தது. பாடம் முடிந்துவிட்டதாக எண்ணி ஃபோன் கைதட்டியது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, திரும்பி வரப் பஸ் இல்லாமல், வெயிலில் அழுதுகொண்டே நடந்தேன். செத்துப்போகலாம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதை இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "அப்ப பாப்பா பேரும் இல்லையா?" என்று மட்டும் கேட்டார். பழக்கூடையை அப்படியே போட்டுவிட்டு ஆஃபீஸுக்கு நடந்தார்.

மேரி அக்கா குழுவில் குரல் பதிவு போட்டார். குரல் உடைந்து பாதியில் நின்று, மறுபடி போட்டார். பாதிப் பேருக்கு அது புரியவில்லை. "பேர் குடுத்தாச்சே" என்றே பதில் வந்தது. ஒவ்வொருவரையும் ஃபோனில் கூப்பிட்டு, நீங்கள் கொடுத்தது எங்கும் இல்லை, மறுபடி சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். சிலர் வைதார்கள். ஒரு அண்ணன், "எங்கப்பாவ மறுபடி சாகடிக்கிறியா?" என்று கேட்டுவிட்டு, அழுதபடியே இடம் சொன்னார். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து கிராணி சாப்பிடப் போகாமல் உட்கார்ந்து எழுதினார்.

"மெதுவா சொல்லும்மா, கை வலிக்குது. ரம்புத்தான் மரத்துக்கு எந்தப் பக்கம்?"

ஐந்து மணிக்குப் பட்டியலை வாங்கிப் போக வீடு கட்டுகிறவர்களின் ஆள் வந்துவிட்டார். இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக் கையெடுத்துக் கும்பிட்டேன். "எங்கையில ஒன்னும் இல்ல லா" என்று கிராணி தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த நேரத்தில் நான் கேட்டது ஒரே ஒருவருக்காக. வியாழக்கிழமையிலிருந்து அந்தக் கடைப் பெண்ணின் எண்ணுக்குத்தான் அதிகமாகக் கூப்பிட்டிருந்தேன். வெள்ளி மத்தியானம்தான் எடுத்தாள். "அவங்க வேலைய விட்டுட்டுப் போயிட்டாங்க லா. மக வீட்டுக்குன்னு சொன்னாங்க. எந்த ஊருன்னு தெரியாது." அந்த அம்மாவின் எண் ஏதாவது இருந்திருந்தால் அது என் ஃபாரத்தின் நான்காவது கட்டத்தில்தான் இருந்திருக்கும். அந்த அம்மாவின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் கோலா கிளாவாங்குக்கே போனேன். கடையில் இருந்தவர்கள் கை விரித்தார்கள். எத்தனையோ மாதம் கழித்து, வேறொரு பாடத்தில், ஃபாரத்தில் எழுதியது எழுதியவரின் ஃபோன் நினைவில் சில நாள் தங்கியிருக்கும் என்று படித்தேன். ஓடிப்போய் அந்தப் பெண்ணுக்குக் கூப்பிட்டேன். அவள் ஃபோனை மாற்றி வெகு நாளாகியிருந்தது.

படிப்பை விட்டுவிடவில்லை. முடித்தேன், வேலை கிடைத்தது, அம்மாவைப் பாரோய்க்கு அழைத்து வந்தேன். அக்காவின் எலும்பென்று கொடுத்த ஒரு கைப்பிடி மண்ணை அம்மா கடலில் கரைத்தார். நான் செய்யும் ஃபாரங்களில் பெயர்க் கட்டத்துக்கு நட்சத்திரம் போடுவதில்லை. ஏன் என்று மேலதிகாரி கேட்டால் மறந்துவிட்டேன் என்கிறேன்.

போன வாரம் அந்தப் பக்கம் போனபோது காரை நிறுத்திப் பார்த்தேன். லைன் வீடுகள் இல்லை. பெரட்டுக்களத்தின் சிமெண்டுப் படியும் இல்லை. சுடுகாடு இருந்த மேட்டில் ஒரே மாதிரி வீடுகள், வாசலில் கார்கள். நான் படித்த பாடங்களைக்கூட இப்போது யாரும் நடத்துவதில்லை. திரும்பும் வழியில் அந்தப் பொதுக் குழிக்குப் போனேன். போகும்போதெல்லாம் ஒரு குரோட்டன் கிளை கொண்டுபோய் நடுவேன், காய்ந்துவிடும். கல்லில் பெயர் தெரியாதவர்கள் என்று மலாயில் எழுதியிருக்கிறார்கள்.

அந்தக் குழியில் கிடக்கும் ஒரு குழந்தைக்குப் பெயர் இருந்தது. ஒரு மத்தியானம், சாப்பாட்டுக் கடையின் சமையல்கட்டில், தட்டு கழுவிய கையைத் துடைத்துக்கொண்டு அதன் அம்மா வைத்த பெயர். வைக்கச் சொன்னது நான்தான். என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது.