அவர் மட்டும் திறந்த ஐஸ் பெட்டி

பாண்டிச்சேரி பக்கத்துக் குயிலாப்பாளையத்தில் ஒரு வெள்ளைக்காரன் வேனுக்குள்ளேயே சமைத்து, தூங்கி, குடும்பம் நடத்துவதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து என் வீட்டுக்காரருக்குத் திண்டிவனம் வீடு பிடிக்காமல் போய்விட்டது. குடோன் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவர். அடுக்க மூட்டைகள் இல்லாமல் கை நமநமத்துக்கொண்டிருந்தது. பழைய வேன் ஒன்றை வாங்கி, பின் சீட்டுகளைப் பிடுங்கிப் போட்டு, பிளைவுட்டில் கட்டில் அடித்து, அதன் கீழே அறை அறையாகத் தடுத்தார். கடைசியில் அவருக்கு அடுக்கக் கிடைத்த மூட்டை நான்தான்.

வேனுக்குள் எல்லாவற்றுக்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தை முடிவு செய்பவர் அவர். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் அடுப்பு. கதவோரம் மிளகாய்த்தூள், மல்லித்தூள், டீத்தூள் டப்பாக்கள். கட்டிலுக்கடியில் தண்ணீர் கேன். எனக்கென்று ஒரே ஒரு பிளாஸ்டிக் பெட்டி, பின்சக்கரத்தின் மேட்டில். "உன் சாமான் அதுக்குள்ள அடங்கணும். அடங்காதது ரோட்டுக்குப் போயிடும்" என்றார். நான் மடித்து வைத்த புடவையைப் பிரித்து, மறுபடி அவரே மடித்து வைப்பார். பொய் சொல்லக் கூடாது, அவர் மடித்தது என்னுடையதைவிடச் சின்னதாகத்தான் இருந்தது. அதனாலேயே வயிறு எரிந்தது.

எனக்குச் சர்க்கரை. காலையும் மாலையும் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட்டாக வேண்டும். அந்த மருந்து சூட்டில் கிடந்தால் கெட்டுவிடும். மருந்து கெட்டால் என் உடம்பு கெட்டுவிடும். அதற்காகத்தான் ஐஸ் பெட்டி. மீன் இறக்கும் இடத்தில் ஐஸ் வாங்கி, உடைத்து நிரப்புவார். மருந்து பாட்டிலை ஓர் எவர்சில்வர் டப்பாவில் போட்டு ஐஸுக்கு நடுவே வைப்பார். பக்கத்தில் அவருடைய பால் பாக்கெட். பால் இல்லாத டீ அவருக்குத் தொண்டையில் இறங்காது.

"பெட்டிய நீ தொடாத. சும்மா சும்மா தொறந்தா குளிர் போயிடும். வேளைக்கு நானே எடுத்துத் தர்றேன்" என்று சொல்லிவிட்டார். ஒருமுறை மீறித் தொட்டதற்கு அன்று முழுக்கக் கத்தினார். வேனுக்குள் கத்தல் கேட்டால் எழுந்து போக வேறு அறை கிடையாது. அப்புறம் நான் தொடவில்லை.

சித்திரை வெயிலில் மரக்காணம் வந்தோம். பறவை பார்க்க வேண்டுமாம். உப்பளத்து வரப்பை ஒட்டிய மண் ரோட்டில், ஒற்றைப் பனைமரத்துக்குக் கீழே வண்டியை நிறுத்தினார். எங்கே திரும்பினாலும் பாத்தி, பாத்தியோரம் உப்புக் குவியல். ஒதுங்க மறைவு என்றால் தூரத்தில் நிற்கும் வேலிகாத்தான் புதர் ஒன்றுதான். பெண்பிள்ளை ஒருத்தி கூட இருக்கிறாளே என்ற நினைப்பு அவருக்கு எந்த ஊரிலும் வந்ததில்லை.

அந்த வெயிலுக்கு ஐஸ் தாங்கவில்லை. சாயங்காலப் பால் திரிந்துபோனது. மனுஷன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் பால் பாக்கெட்டை என் கன்னத்தில் வைத்தார். ஜில்லென்று, கல்லாக இருந்தது.

"எப்படிங்க?"

"அதெல்லாம் டெக்னிக். உனக்குச் சொன்னாலும் புரியாது."

நானும் மெச்சினேன். என் மருந்துக்கும் நல்லதுதானே என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் தாகம் தொடங்கியது. சாதாரணத் தாகம் இல்லை. குடித்த நாக்கு உடனே ஒட்டிக்கொள்ளும். குடித்ததெல்லாம் கொஞ்ச நேரத்தில் வெளியே போகும். புதருக்கு நடந்து திரும்பி வருவதற்குள் மறுபடியும் முட்டும். கேன் தண்ணீர் சீக்கிரம் காலியாவதைப் பார்த்து அவர் எனக்கென்று ஒரு பாட்டிலை ஒதுக்கினார். "இதான் உன் பங்கு. நாளைக்கித்தான் அடுத்தது." பாட்டிலில் பேனாவால் கோடு வேறு போட்டார், மத்தியானத்துக்கு இவ்வளவு, ராத்திரிக்கு இவ்வளவு என்று.

ஒரு மத்தியானம் தாங்க முடியாமல் உப்பு சுமக்கும் பெண்களிடம் போய் நின்றேன். ஒருத்தி கூடையை இறக்கிவிட்டு, "இந்தாக்கா, குடி" என்று பாட்டிலை நீட்டினாள். அண்ணாந்து அவ்வளவையும் குடித்துவிட்டேன். அவர் வேன் கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பிச்சையும் எடுக்க ஆரம்பிச்சிட்டியா?" என்று அங்கிருந்தே கேட்டார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது.

சர்க்கரை பார்க்கும் மிஷினும் அவர் பொறுப்பில். விரலைக் குத்தி, நம்பரை உரக்கப் படித்தார். மார்க் ஷீட் படிப்பது மாதிரி. நானூறைத் தாண்டியிருந்தது.

"இன்னாடி தின்ன?"

"நீங்க போட்டதத்தான் தின்னேன்."

"அப்ப சக்கரை வானத்துலருந்து கொட்டுச்சா?"

என் பெட்டியை இழுத்து, வரப்பில் கவிழ்த்தார். புடவை, பாவாடை, உள்பாடி, எல்லாம் மண்ணில். மாம்பழக் கொட்டை, பிஸ்கட் காகிதம் என்று எதையோ தேடினார். உப்பு சுமக்கிறவர்கள் நடையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. "தின்னுட்டு தொடைச்சிடுற, கில்லாடி" என்றார். அன்று முதல் எனக்குச் சோறு பாதிதான். பசியும் தாகமும் சேர்ந்துகொண்டு என்னைப் பிடுங்கித் தின்றன.

டவுனில் ஒரு டாக்டரிடம் போனோம். "மருந்தைக் குளிர்ச்சியா வெச்சிருக்கீங்களா?" என்று டாக்டர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "ஐஸ் பெட்டி சார். ஒரு நாளும் குளிர் கொறஞ்சதில்ல. இவ வாய்தான் கட்டுக்குள்ள இல்ல." டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில் நானே என்னைச் சந்தேகப்பட்டேன். தூக்கத்தில் எழுந்து எதையாவது தின்கிறேனோ என்றுகூட யோசித்தேன். டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டிக் கொடுத்தார். கூட்டியும் நம்பர் இறங்கவில்லை.

மருந்தில் ஏதோ கோளாறு என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். உள்ளங்கையில் வைத்து உருட்டினால் பாலாகக் கலந்துவிடும் மருந்து அது. இப்போது என்ன உருட்டினாலும் திப்பித் திப்பியாக ஒட்டிக்கொண்டு நின்றது. "சோம்பேறித்தனமா உருட்டினா அப்பிடித்தான் இருக்கும்" என்றார். நான் இன்னும் உருட்டினேன்.

அந்த வாரம் புதருக்குப் போகும்போது வேலிகாத்தான் முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு, வலது கால் இரண்டாவது விரலில் ஏறியது. பிடுங்கிப் போட்டுவிட்டு உப்புத் தண்ணீர் கசியும் வரப்பிலேயே நடந்து வந்தேன். எரிந்தது. இரண்டு நாளில் எரிச்சல் போய்விட்டது, வலியும் போய்விட்டது. விரல் மட்டும் கறுத்துக்கொண்டு வந்தது. காட்டினேன். "கால வெச்சி பெட்ஷீட்ட நாசம் பண்ணாத" என்று ஒரு பழைய துணியைக் கிழித்துப் போட்டார்.

ஒரு காலை அவர் கேமராவை எடுத்துக்கொண்டு கழுவெளி ஏரிப் பக்கம் போனவர் வேளைக்குத் திரும்பவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. நடப்பது நடக்கட்டும் என்று ஐஸ் பெட்டியைத் திறந்தேன்.

ஐஸ் மேலெல்லாம் அழுக்குப் படிந்த கல் உப்பு. எதிரே குவிந்திருக்கிறதே, அதே உப்பு. கை நிறைய அள்ளிக் கொட்டியிருக்கிறார். எவர்சில்வர் டப்பாவைத் தொட்டதும் விரல் ஒட்டிக்கொண்டது. உள்ளே என் மருந்து உறைந்து கட்டியாக நின்றது. மருந்து அட்டையை எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் படித்தேன். உறைய விடக் கூடாது, உறைந்தால் உபயோகிக்கக் கூடாது என்று அதில் போட்டிருந்தது. இத்தனை நாள் நான் உடம்புக்குள் ஏற்றிக்கொண்டது செத்த மருந்து. நான் ஒன்றும் திருடித் தின்னவில்லை. அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, சத்தியமாக.

அவர் வந்ததும் டப்பாவை நீட்டினேன்.

"ஆமா, உப்பு போட்டேன். குல்ஃபிக்காரன் போடுறான் இல்ல? அப்பத்தான் கல்லாவும்" என்றார்.

"தினமும் இது இப்பிடியேதான் இருந்துச்சா?"

"இருந்துச்சு. வெயில்ல வெச்சு உருக்கித்தான உனக்குத் தந்தேன்? ஐஸ்கிரீம் உருகினா பால் இல்லாம போயிடுமா?"

"படிச்சிப் பாருங்க."

படித்தார். அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். பிறகு அதை ஒழுங்காக மடித்து, இருந்த இடத்தில் வைத்தார். "இத நீ முன்னாடியே படிச்சிருக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் அந்த விரலை எடுத்துவிட்டார்கள். பார்க்க வந்த என் தங்கையிடம் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டே, "வாயக் கட்டினாத்தான? மாம்பழ சீசன் வேற" என்று அவர் சொன்னார். நான் மயக்கத்தில் இருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். "பால் திரியாம இருக்க என் மருந்துல உப்ப கொட்டினியேய்யா" என்றேன். தாலி கட்டிய நாளிலிருந்து அவரை ஒருமையில் பேசியது அன்றுதான். தங்கை அவரை வெளியே போகச் சொன்னாள். போனார்.

வீட்டுக்கு வந்ததும் வேனிலிருந்து என் பெட்டியை இறக்கிக்கொண்டேன். கொஞ்ச நாள் வாசலிலேயே வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு தனியாகக் கிளம்பிவிட்டார். நான் தடுக்கவில்லை. தினமும் போன் வரும். டீ வடிகட்டி எங்கே, உப்புமாவுக்குத் தண்ணீர் எவ்வளவு, கைலியில் எண்ணெய்க் கறை எப்படிப் போகும். என் கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை.

நேற்று மறுபடியும் மரக்காணத்திலிருந்து கூப்பிட்டார். அதே பனைமரமாம்.

"உன் பெட்டி இருந்த எடம் காலியா இருக்குது. வண்டி ஓடும்போது எல்லாம் அங்க சரிஞ்சி வந்து விழுது. அங்க இன்னா வைக்கட்டும்?"

"உப்பு வைங்க" என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது, இப்போதாவது ஒரு வார்த்தை சொல்லப்போகிறார் என்று காதில் போனை அழுத்திக்கொண்டு நின்றேன்.

"கல் உப்பா, தூள் உப்பா?" என்று கேட்டார்.